புகைக்கு மூக்கு வைத்த செந்தாமரை

குத்தாலம் கடைத்தெருவில் கத்தரிக்காய் விற்கிற பெண்கள், தூரத்தில் செந்தாமரை வருவதைப் பார்த்தால் கூடைமேல் சாக்கை இழுத்துப் போட்டுவிடுவார்கள். அரைக் கிலோ வாங்குவதற்குக் கூடை முழுவதையும் புரட்டுகிறவள். காயைத் தூக்கி வெயிலில் காட்டுவாள், காம்பைக் கிள்ளுவாள், முகர்வாள், கடைசியில் "சாயங்காலம் வரேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அவள் பிரித்துப்போட்ட புடவைகளை மடிப்பதற்கென்றே தனியாக ஆள் வைத்தார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான். இருந்தாலும் அதில் பாதி நிஜம்.

என் பேட்டரிக்கடைக்கு அடுத்த தகரக் கொட்டகைதான் அவளுடைய எஞ்சின் ஒர்க்‌ஷாப். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தகரம். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் கலையும். அதனால் அவளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் காதால் கேட்டது, தகரத்து ஓட்டை வழியாகக் கண்ணால் கண்டது. மிச்சம்தான் கற்பனை.

அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டு வளர்த்த பெண். மயிலாடுதுறைப் பக்கம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கிற பிரிவில் பல வருஷம் இருந்தாள். அங்கே கண்ணாடி அறைக்குள் எஞ்சின் கதறிக்கொண்டிருக்க, வெளியே உட்கார்ந்து அதன் புகையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலையாம். புகையைப் பார்க்கச் சம்பளம் தருவார்கள் என்று தெரிந்திருந்தால் நானும் படித்திருப்பேன். எங்கள் வீட்டு அடுப்பிலேயே தேவையான அளவு இருந்தது.

மாப்பிள்ளையையும் அவள் கத்தரிக்காய் மாதிரிதான் பொறுக்கினாள். ஒருவர் புது பைக்கில் பெண் பார்க்க வந்தார். வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் உள்ளே இருந்து இவள் குரல் கேட்டது: "அந்த வண்டி கரும்புகை தள்ளுதும்மா. வண்டியையே வெச்சுக்கத் தெரியல, வேணாம்னு சொல்லிடு." மனிதர் காபி குடிக்காமல் திரும்பினார். கடைசியில் ஐயாவு வந்தார். கல்யாணச் சமையல்காரர். பஸ்ஸில் வந்தார், அதனால் புகைப் பிரச்சினை இல்லை. கேசரியைக் கையில் வாங்கியவர் வாயில் போடுவதற்கு முன்பே, "ரவை வறுக்கறப்ப ஒரு பக்கம் தீஞ்சிருக்கு, பரவாயில்லைங்க" என்றார். கேசரி கிண்டிய செந்தாமரையின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. செந்தாமரை மட்டும் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, "இவருக்கு மூக்கு இருக்கு, இவர் போதும்" என்றாள். இன்றுவரைக்கும் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம். வீட்டில் சமையல் அவர், சம்பாத்தியம் இரண்டு பேரும், சத்தம் இவள் மட்டும்.

இந்தக் கதை போன குறுவையில் நடந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நிறைந்து, சேறடித்த வயலெல்லாம் நடவுக்குக் காத்துக்கிடந்த நேரம். செவ்வந்தி தன் நடவு மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் இறக்கினாள். செவ்வந்தி எங்கள் பக்கத்து ஆள்தான். ஊருக்குத் தெற்கே குத்தகை நிலத்தில் தனி ஒருத்தியாகச் சாகுபடி செய்கிறவள். செந்தாமரையின் அம்மாவோடு ஒரே வரிசையில் நின்று நடவு நட்டவள் என்பதால் அவளுக்கு மட்டும் இவளை 'டி' போடும் உரிமை உண்டு.

"அடியே தாமரை, கரையில நிக்கிறப்ப இது சிங்கம் மாதிரி கத்துது. சேத்துல எறங்குனா மூச்சு முட்டிச் செத்துப்போகுது. நீ மாட்டிக் குடுத்த எஞ்சின்தானே? நீயே பாரு."

அது உண்மை. மெஷினோடு வந்த எஞ்சின் போன வருஷம் இறுகிவிட்டது. சாமான் கிடைக்கவில்லை. செந்தாமரைதான் வேறொரு பெட்ரோல் எஞ்சினைக் கொண்டுவந்து, தாங்கிப் பிடிக்கத் தகடு வெட்டி, அதில் உட்கார வைத்தாள். பழையதைவிடப் பெரிய எஞ்சின். பொருந்தி உட்கார்ந்தது, ஆனால் பெட்ரோலும் காற்றும் கலக்கிற கணக்கு சேற்று வேலைக்குப் பொருந்தவில்லை.

"நாத்து எப்படிக்கா இருக்கு?"

"பருவம் வந்து நிக்குது. மெஷினுக்காகப் பாய் மாதிரி நாத்தங்கால் போட்டேன்ல, இன்னும் விட்டா வேரு பின்னிக்கும். அப்புறம் மெஷின் விரல் பிச்சு எடுக்காது, கொத்தாப் புடுங்கும். வாடகை மெஷின் எல்லாத்தையும் ஆளுக்கு முன்னாடி பேசி வெச்சுட்டானுவ. கையால நட ஆளும் இல்ல, வேன் ஏறி வெளியூர் போயிடுதுங்க. இந்தத் தடவை வயல் சும்மா கெடந்துச்சுன்னா நெலத்துக்காரங்க அடுத்த குத்தகைக்கு வேற ஆளைப் பாத்துடுவாங்கடி."

சொல்லும்போது செவ்வந்தி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கை மட்டும் மெஷின் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை.

நான் தகரத்தைச் சுற்றி வந்து கருத்துச் சொல்லத் தயாரானேன். கருத்து சொல்வதற்கு எஞ்சின் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

"காதால கேட்டு ஸ்க்ரூவத் திருகி வெச்சிடேம்மா. ஒனக்குத்தான் கை வந்த வேலையாச்சே."

"இங்க நின்னு கேட்டா எல்லாம் சரியாத்தான்ணே இருக்கும். முழங்கால் சேத்துல இழுக்கிறப்ப உள்ள என்ன ஆகுதுன்னு யாரு கேப்பா? இட்லிக்கு அரிசி இத்தன, உளுந்து இத்தனன்னு அளவு இருக்குல்ல? எஞ்சினுக்கும் இருக்கு. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாலே முக்கால் பங்கு காத்து, எடைக் கணக்குல. பாரம் இழுக்கிறப்பக் காத்தக் கொஞ்சம் கொறச்சுப் பதிமூணு கிட்ட வெக்கணும். ரொம்பக் கொறஞ்சா மூச்சு முட்டும். கூடிப் போச்சுன்னா சூடாயி, போன எஞ்சின் மாதிரி இறுகிக்கும். அது கூடவே நடந்துக்கிட்டு, போற புகையில மூக்க வெச்சுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்."

"ஒன் மூக்கையா?"

"இல்லண்ணே, ஒரு மூக்கு வாங்கப் போறேன்."

செவ்வந்தி என்னைப் பார்த்தாள். நான் செவ்வந்தியைப் பார்த்தேன். செந்தாமரை ஒரு பொருள் வாங்கப் போகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அவள் சொன்ன மூக்குக்கு சென்சார் என்று பேர். கட்டைவிரல் தடிமனில் மரைபோட்ட உலோகக் குமிழ்; நுனியில் சின்னச் சின்னத் துளைகள். எஞ்சின் புகை போகிற குழாயில் திருகி வைத்தால், புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனை மோந்து, பெட்ரோல் அதிகமா காற்று அதிகமா என்று ஒரு மீட்டரில் எண்ணாகக் காட்டும்.

செய்தி பரவியது. பரப்பியது யார் என்று உங்களுக்கே தெரியும். உடனே ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பழைய கார் உடைக்கிற இடத்திலிருந்து ஒருவர் சும்மாவே ஒரு சென்சார் கொண்டுவந்து கொடுத்தார். செந்தாமரை அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது கொழம்புல உப்பு கூடவா கொறச்சலான்னு மட்டும்தாங்க சொல்லும். எவ்வளவு கூட, எவ்வளவு கொறச்சல்னு சொல்லாது. அளவு சொல்ற ஜாதி வேற."

திருவிடைமருதூரிலிருந்து பைக் பந்தயக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வண்டியில் இருக்கிற மீட்டரைக் காட்டினார்கள். நீலமும் சிவப்புமாக வெளிச்சம் ஓடி, சுவாமி புறப்பாட்டுச் சீரியல் செட் மாதிரி இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது. செந்தாமரை அதை மத்தியான வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒரு எண்ணும் தெரியவில்லை. "இத வெச்சு ராத்திரிலதான் நடவு நடணும்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு போனை எடுத்தாள். விற்கிற கடைக்காரர்களிடம் அவள் கேட்ட கேள்விகளைத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று நான் அனுபவித்தேன். சேறு தெறித்தால் என்ன ஆகும்? வயர் எவ்வளவு நீளம்? சென்சார் சூடேற எவ்வளவு கரண்டு குடிக்கும்? ஒற்றை சிலிண்டரில் புகை விட்டு விட்டு வருமே, அப்போது எண் ஆடுமா? ஒருவர் பொறுமை இழந்து, "மேடம், என்ன கார் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். "நடவு மெஷினுங்க" என்றாள். லைன் கட்டாகிவிட்டதோ என்று நானே எட்டிப் பார்த்தேன்.

செவ்வந்தி தினமும் காலையில் வந்து வாசலில் நின்றாள்.

"ஏண்டி, முகூர்த்தப் புடவையா எடுக்கிற? எனக்கு நாத்து முத்துதுடி!"

"அவசரத்துல தப்பான மூக்கு வாங்கினா எஞ்சினும் போயிரும், நாத்தும் போயிரும்க்கா. ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்."

அந்த ஒரே ஒரு போன், ஓசூரில் அவளோடு வேலை பார்த்த அன்பரசனுக்கு. ஸ்பீக்கரில் போட்டாள், எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு வகை வருது தாமரை," என்றார் அன்பரசன். "ஒண்ணுல அதோட அளவைக் கம்பெனியிலயே பிளக்குக்குள்ள பதிச்சு அனுப்பிருவான். வாங்கி மாட்டு, ஓட்டு. ஒரு தொந்தரவும் இல்ல. இன்னொண்ணு பழைய மாடல். மாட்டுறதுக்கு முன்னாடி சுத்தமான காத்துல தொங்கவிட்டு, பட்டனை அழுத்தி, 'இதுதான் காத்து'ன்னு சொல்லிக் குடுக்கணும். அதை வெச்சுத்தான் மத்ததையெல்லாம் அளக்கும். அடிக்கடி சொல்லிக் குடுத்துக்கிட்டே இருக்கணும். நீ மொத ஆளையே வாங்கு."

"வயசானா மூக்கு மந்தமாகும்ல? அப்ப மொத ஆளு என்ன பண்ணும்?"

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும்."

"ரெண்டாவது ஆளு?"

"மறுபடி காத்தக் காட்டி நேராக்கிக்கலாம். ஆனா அது தொல்லை புடிச்சது தாமரை, தப்பாச் சொல்லிக் குடுத்தா தப்பாவே நம்பிக்கும்."

"சேத்துலயும் வைக்கோல் தூசியிலயும் கெடக்கப்போற மூக்கு. நேராக்கிக்கத் தெரிஞ்சதுதான் எனக்கு வேணும்" என்று போனை வைத்தாள்.

எல்லோரும் முதல் வகையைச் சொன்னார்கள். இவள் இரண்டாவது வகையை வரவழைத்தாள். எனக்கு அதிலே ஆச்சரியமே இல்லை. புது பைக் மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஐயாவுவைப் பொறுக்கியவள்தானே.

சென்சார் வந்து சேர்வதற்குள் அவள் வேறொரு வேலை செய்தாள். மெஷினின் புகைக்குழாய் குட்டையாக இருந்தது. குட்டைக் குழாயில் வெளிக்காற்று உள்ளே திரும்பி வந்து மூக்கை ஏமாற்றும் என்று, இன்னொரு குழாயைப் பற்றவைத்து நீட்டினாள். கடைசியில் அது நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் மாதிரி வானத்தைப் பார்த்து நின்றது. "தவில் எப்பம்மா வரும்?" என்று கேட்டேன். "நீங்க பேசுறதே போதும்ணே" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்சல் வந்தது. பெட்டியைப் பிரிப்பதற்குள் ஐயாவு சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். இந்த விஷயத்தில் அவரை மாற்ற முடியாது. புது ஸ்பேனர் வந்தாலும் பொட்டு வைப்பார், கிரீஸ் டப்பாவுக்கும் வைப்பார். ஒருமுறை எங்கள் கடைக்கு வந்த புது பேட்டரிகளுக்கு நான் கேட்காமலே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

"ஏங்க, நுனியில வெச்சிராதீங்க. துளை அடைச்சுக்கும்."

"தெரியும் தாமரை. பின்னாடி நட்டுலதான் வெக்கிறேன்" என்று குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல வைத்தார்.

பிறகு அவள் என் பேட்டரி ஒன்றில் வயரை மாட்டி, சென்சாரைக் கொட்டகை முகப்புக் கம்பியில் தொங்கவிட்டாள். மீட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே மேசைக்குப் போனாள். மூக்கு சூடேறியதும் பட்டனை அழுத்தி, வெளிக்காற்று இதுதான் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். மீட்டர் சரி என்று ஒரு பச்சை விளக்கைக் காட்டியது. அவள் முகத்திலும் ஒன்று எரிந்தது.

அன்று பிற்பகலே கொட்டகையில் ஓட்டிப் பார்த்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற ஜெட்டை மாற்றினாள். ஜெட் என்பது நடுவில் மயிரளவு துளை உள்ள பித்தளைத் திருகு. துளை பெரிதானால் பெட்ரோல் அதிகம். அதில் ஒரு கைப்பிடி அளவு வைத்திருந்தாள். ஒன்றன்பின் ஒன்றாகச் சின்னதாக்கி, மீட்டர் பதிமூன்றைக் காட்டும் வரை கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை வயலுக்குப் போனோம். நாற்றுப் பாய் அடுக்குகிற தட்டில் என் பேட்டரி ஏறி உட்கார்ந்தது. செவ்வந்தி கைப்பிடியைப் பிடித்தாள். செந்தாமரை புடவையை இழுத்துச் செருகி, மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் இறங்கினாள். நான் வரப்பில் நின்று பொறுப்பாக மேற்பார்வை பார்த்தேன்.

மெஷின் சேற்றில் இறங்கியது. சாகவில்லை. நாற்றை விரலால் கிள்ளிக் கிள்ளி வரிசையாக ஊன்றிக்கொண்டு போனது. செவ்வந்தி ஒரு குலவை போட்டாள். நானும் முயற்சி செய்தேன், கொக்கு பறந்துபோயிற்று.

வயலின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் சத்தம் மாறியது. எஞ்சின் கடுகடுவென்றது, இழுவை தளர்ந்தது. பக்கத்தில் நின்றால் அனல் அடித்தது. செந்தாமரை சட்டென்று அணைத்தாள்.

"மீட்டர் என்ன சொல்லுது?" என்று கத்தினேன்.

"பதிமூணுதான் சொல்லுது. அழகா சொல்லுது" என்றாள். அந்த 'அழகா'வில் அழகு இல்லை.

வரப்பில் உட்கார்ந்து, எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாள். காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மீட்டர் ஒன்று சொன்னது, பிளக் வேறொன்று சொன்னது.

செவ்வந்தி நட்டதையும் நடாததையும் மாறி மாறிப் பார்த்தாள். நட்டது சுண்டுவிரல் அகலம், நடாதது அவள் வாழ்க்கை.

"வித்தவன் டூப்பு மூக்கு குடுத்திருப்பான்ம்மா," என்றேன். "அவன் தலையில போட்டுடு. ஒன்மேல தப்பே இல்ல."

ஆறுதலுக்குத்தான் சொன்னேன். ஊருக்குள் சொல்வதற்கும் அந்தக் கதை வசதியாக இருந்தது. ஆனால் அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. சென்சாரைக் குழாயிலிருந்து கழற்றினாள், பேட்டரியையும் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனாள், காற்றில் கையை நீட்டித் தொங்கவிட்டாள். மீட்டரில் வேறு பக்கத்துக்கு மாற்றினாள். அதில் ஆக்சிஜன் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும்.

"அண்ணே, காத்துல ஆக்சிஜன் எவ்வளவு?"

"கேக்குற ஆளைப் பாத்துக் கேளும்மா."

"இருபத்தொண்ணு. எங்க போனாலும் இருபத்தொண்ணு. இது முப்பதுக்கு மேல காட்டுது." அவள் கண் சுருங்கியது. "இருக்கிறத ஒண்ணரை மடங்காச் சொல்லுது."

"அப்ப அது நம்ம ஊரு மூக்குதான்" என்றேன்.

"அப்படின்னா விஷயம் இதுதான். இதுக்கு நான் காத்துன்னு காட்டுனது காத்தே இல்ல. ஆக்சிஜன் கொறஞ்ச எதையோ காட்டியிருக்கேன். அதையே முழுசுன்னு நம்பிக்கிட்டு எல்லாத்தையும் பெருசாக்குது. கொஞ்சூண்டு பெட்ரோல் கூட இருந்தாலும் ரொம்பக் கூடன்னு சொல்லிருக்கு. நான் நம்பி ரொம்பக் கொறச்சுப்புட்டேன். ஆனா கொட்டகை வாசல்ல அப்படி என்ன..."

பேசிக்கொண்டே சென்சார் வயரின் துணி உறையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒரு தடவை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். கோயில் வாசனை அடித்தது.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, நேத்து வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டீங்கல்ல?"

"போடாம இருப்பனா? கொட்டகை பூராப் போட்டேன்."

"முகப்புல தொங்குன சென்சாருக்கும் காட்டுனீங்களா?"

"பின்ன? வீட்டுக்கு வந்த புது ஆளாச்சே! அதுக்குத்தான் கரண்டிய நேரா அடியிலயே புடிச்சுக்கிட்டு நின்னேன். துளைக்குள்ள எல்லாம் போற மாதிரி நல்லா விசிறிவிட்டேன். நீ உள்ள மேசையில ஏதோ அமுக்கிக்கிட்டு இருந்த, தொந்தரவு பண்ணல. ஏன் தாமரை, நல்லா ஓடுதுல்ல?"

நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பில் மூச்சு வாங்கியது. செந்தாமரை கத்துவாள், அந்தக் கத்தல் திருப்பனந்தாள் வரைக்கும் கேட்கும் என்று காத்திருந்தேன். அவள் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா ஓடும்ங்க. மத்தியானம் சாப்பாடு மட்டும் இங்க கொண்டாந்துடுங்க" என்று வைத்தாள்.

பிறகு செவ்வந்தியிடம் போய் நின்றாள். அவள் சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் கடைத்தெருவில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

"தப்பு என்னோடதுக்கா. சென்சார் மேலயும் தப்பில்ல, அவரு மேலயும் தப்பில்ல. வெள்ளிக்கிழமை எங்க கொட்டகையில சாம்பிராணி மணக்கும்னு எனக்குத் தெரியும். வாசனை வந்துச்சு, பழகின மூக்கு கண்டுக்கல. வெளிய ஒரு எட்டு வந்து பாத்திருக்கணும். இங்கயே சரி பண்றேன்."

செவ்வந்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி பண்ண முடியுமாடி? இல்ல, வேற மூக்கு வாங்கணுமா? வாங்கணும்னா இப்பவே சொல்லிடு, நாத்த ஆட்டுக்குப் போட்டுட்டுப் போறேன்."

"வேற வாங்க வேணாம்க்கா. அதுக்குத்தான் இதையே வாங்கினேன்."

வாய்க்கால் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் சென்சாரைத் தொங்கவிட்டாள். ஆற்றுப்பக்கமிருந்து காற்று புகையில்லாமல் வந்துகொண்டிருந்தது. நான் பீடியை எடுத்தேன். "அண்ணே!" என்று ஒரு சத்தம் போட்டாள், ஐயாவுவுக்குச் சேரவேண்டியதும் சேர்த்து எனக்குக் கிடைத்தது. பீடியை அடுத்த வயலுக்குக் கொண்டுபோய் மண்ணில் புதைத்துவிட்டு வந்தேன். சென்சார் சூடேறியது. பட்டனை அழுத்தினாள். மீட்டர் இருபத்தொன்றுக்கு வந்து நின்றது, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

அதைத் திரும்பக் குழாயில் மாட்டி எஞ்சினை ஓட்டியபோதுதான் உண்மையான எண் தெரிந்தது. பாரம் ஏறினால் பதினாலை நெருங்கியது. ஜெட்டுகளை முந்தானையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வரப்பில் உட்கார்ந்து அந்தப் பித்தளைப் பொடிகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, துளை வழியாக வானத்தைப் பார்த்து, முகம் சுளித்து, ஒதுக்கி, இன்னொன்றை எடுத்து... எனக்குக் கத்தரிக்காய் கூடைதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மட்டும் அவள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. செவ்வந்திகூட அவசரப்படுத்தவில்லை. நாற்றுப் பாய்களுக்கு வாய்க்கால் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஜெட்டைப் பொறுக்கினாள். மாட்டினாள்.

மெஷின் மறுபடி இறங்கியது. அந்தக் கோடிக்குப் போனது, திரும்பியது, இந்தக் கோடிக்கு வந்தது. சத்தம் ஒரே சீராக இருந்தது. செந்தாமரை நாகஸ்வரக் குழாய்க்குப் பக்கத்திலேயே, கண்ணை மீட்டரிலிருந்து எடுக்காமல், சேற்றில் நடந்தாள். மூன்றாவது திருப்பத்தில் நிறுத்தச் சொல்லி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். காப்பிப் பொடி நிறம். அதை உயரத் தூக்கிச் செவ்வந்திக்குக் காட்டினாள். செவ்வந்திக்கு அது என்னவென்று தெரியாது. இருந்தாலும் சாமி பிரசாதம்போலக் கும்பிட்டாள்.

இந்த முறை செவ்வந்தி குலவை போடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெஷினுக்குப் பின்னால் பச்சை வரிசைகள் நீண்டுகொண்டே போயின. பாய்கள் ஒவ்வொன்றாகக் கரையிலிருந்து தட்டுக்கு ஏறி, தட்டிலிருந்து வயலுக்கு இறங்கின. ஏற்றியவன் நான். என் வேட்டி என்ன ஆனது என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

வெயில் சாய்வதற்குள் கரையில் நாற்றே இல்லை. வயல் முழுவதும் தண்ணீருக்கு மேல் பச்சை நூல் பிடித்ததுபோல இருந்தது. செவ்வந்தி கால் கழுவாமலே போனை எடுத்து வயலைப் படம்பிடித்து, நிலத்துக்காரர்களுக்கு அனுப்பினாள். "நட்டாச்சு, அடுத்த போகமும் நான்தான்னு எழுதட்டுமாடி?" என்று கேட்டாள். "எழுதுங்கக்கா" என்றாள் செந்தாமரை.

மத்தியானமே சாப்பாடு கொண்டுவந்த ஐயாவு திரும்பிப் போகவில்லை. விஷயம் தெரிந்ததும் முகம் சின்னதாகிப்போய், புளியோதரைத் தூக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கவளத்துக்கு ஒரு தடவை சாம்பிராணி என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். அவர் குனிந்த தலையோடு பரிமாறிக்கொண்டிருந்தார். கடைசி வரிசை முடிந்து மெஷின் கரையேறியபோதுதான் மெதுவாக எழுந்தார். பைக்குள்ளிருந்து எதையோ எடுக்கிறார், மறுபடி உள்ளேயே வைக்கிறார். சாம்பிராணிக் கரண்டி. அந்த மனிதர் அதை வயலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்!

செந்தாமரை அதைப் பார்த்தாள். நேராக மெஷின் பக்கம் போய், புகைக்குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றினாள். ஆறவிட்டு, துணியில் சுற்றி, அதன் பெட்டியில் வைத்து, பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, இத எடுத்துக்கிட்டு அந்தப் பனமரம் வரைக்கும் போயிருங்க. போறப்ப பீடி பத்த வெக்காதீங்க."

நான் பெட்டியோடு நடந்தேன். பின்னால் அவள் குரல் கேட்டது.

"ம், இப்பக் காட்டுங்க. மெஷினுக்கு நல்லா நெருக்கமா நின்னு காட்டுங்க. இன்னிக்கு அது ஒழச்சிருக்கு."

திரும்பிப் பார்த்தேன். ஐயாவு கரண்டியை விசிறிக்கொண்டு மெஷினை வலம் வந்துகொண்டிருந்தார். நாகஸ்வரக் குழாய்க்கு மேலே சாம்பிராணிப் புகை எழும்பியது. செந்தாமரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அதை நன்றாக இழுத்து முகர்ந்துகொண்டிருந்தாள்.